ஈரத்துக்குக் கழித்தது

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்து மூன்று வாரம் ஆகிறது. இரசாயனவியல் சார் ஓய்வு பெறுகிறார், விழா எடுக்கிறோம், சிறப்பு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் இனிய நினைவு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை எழுதியவர்களின் பக்கங்களை எல்லாம் படித்தேன். ஒருவருக்கு அவர் தந்தைக்குச் சமமாம். இன்னொருவருக்கு ஒளிவிளக்காம். மூன்றாமவர் அவரிடம் வாங்கிய அடியைக்கூடப் பிரசாதம் என்று எழுதியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பிறகு அடி வாங்கிய இடம் மரத்துப்போகும்போல. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் இனிய நினைவு ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

ராகலையில் அந்த வருடம் மழை விடவே இல்லை என்பதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதாரண தரம் முடித்து, நம் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கிய வருடம் அது. அதற்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கலைப் பிரிவைத் தவிர வேறு வாசல் கிடையாது. பதினாறு பேர் சேர்ந்தோம். ஆய்வுகூடம் என்று ஒன்றைக் காட்டினார்கள். பழைய சாமான் அறையை வெள்ளையடித்து, நான்கு மேசையும் பன்னிரண்டு முக்காலியும் போட்டிருந்தார்கள். மீதி நாலு பேர் சுவரோரம் நின்றார்கள்.

முதல் நாளே சார் சொல்லிவிட்டார்: "பன்னெண்டு பேருக்குத்தான் இடம். இந்தத் தவணை முடியிறதுக்குள்ள நாலு பேரை நான் அனுப்பிருவேன். யாரு அந்த நாலு பேருன்னு ஒங்க செய்முறைக் கொப்பி சொல்லும்."

அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பையில் இரண்டு பேனா. சப்பாத்தில் சேறு படக்கூடாது என்று கல்லுக்குக் கல் தாவி வருவார். கையில் எப்போதும் அடிமட்டம் இருக்கும். கோடு போடுவதற்கு அல்ல. "லயத்துப் புத்திய வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள வாங்க" என்பார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஐந்து கிலோமீற்றர் நடந்து வந்து நிற்கிறவர்களிடம் சொல்கிற முதல் வார்த்தை இது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள், நானும் ஆட்டினேன்.

ஆனால் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. சமன்பாட்டைச் சமப்படுத்துவதை அவர் கரும்பலகையில் முதன்முதலாகப் போட்டுக் காட்டிய நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. இடப்பக்கம் எத்தனை அணு இருக்கிறதோ வலப்பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். எரித்தாலும் கரைத்தாலும் ஒன்றுகூடக் காணாமல் போகாது. ஐதரசன் இரண்டு மூலக்கூறும் ஒட்சிசன் ஒன்றும் சேர்ந்தால் தண்ணீர் இரண்டு மூலக்கூறு. முன்னால் போடுகிற எண்ணை மாற்றலாம், உள்ளே இருக்கிற எண்ணைத் தொடக்கூடாது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அரிசியிலிருந்து சவர்க்காரம் வரை எல்லாம் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றும் காணாமல் போகாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தி.

மூல் என்று வந்தபோது வகுப்பே திணறியது. அணுவை எண்ண முடியாது, அதனால் நிறுத்து எண்ணுகிறோம் என்று சார் சொன்னார். பன்னிரண்டு கிராம் காபன் ஒரு மூல், பதினெட்டு கிராம் தண்ணீர் ஒரு மூல், இரண்டிலும் துணிக்கைகளின் எண்ணிக்கை ஒன்றே என்றார். "எண்ணாமலே எப்படி சார் எண்ணிக்கை தெரியும்?" என்று ஒருவன் கேட்டு விரல் கணுவில் அடி வாங்கினான். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. கொழுந்தை யாராவது இலை இலையாக எண்ணுகிறார்களா? தராசில் மாட்டி நிறுக்கிறார்கள். நிறையைப் பார்த்து ஒருத்தி எவ்வளவு ஆய்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறார்கள். இது நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்த வேலை.

அங்கேதான் எனக்கு வினை இருந்தது. தராசைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மடுவத்தில் தெரிந்துகொண்டது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகை. மழை நாளில் அம்மா கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுவாள். முள் பதினாறில் நிற்கும். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "ஈரத்துக்கு மூணு, சாக்குக்கு ஒண்ணு" என்று சொல்லிப் பன்னிரண்டு என்று எழுதுவார். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் கேட்கும். அது வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். அம்மாவின் பல முழு நாட்கள் அந்த ஈரத்தில் அரை நாளாகிப் போயின. வெயில் நாளிலும் சாக்குக்கு ஒன்று போகும். முள் காட்டுகிறதை அப்படியே எழுதிய ஒரு நாளை நான் பதினாறு வயது வரைக்கும் பார்த்ததே இல்லை. நிறுத்தால் கழிக்க வேண்டும், அதிலும் ஈரம் என்றால் கட்டாயம் கழிக்க வேண்டும். தராசு இருக்கிற இடமெல்லாம் அதுதான் முறை என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கப்பிள்ளை யார் என்றும் எழுதிவிடுகிறேன், வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் அல்லவா? அவர் நம் சாருடைய அப்பா. லயத்துக்கு மேலே கணக்கப்பிள்ளை வீட்டில் பிறந்து, எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கி, எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்தவர் சார். இது பதினாறு பேருக்கும் தெரியும். அவர் முன்னால் யாரும் அதைப் பேசக்கூடாது என்பதும் தெரியும்.

இனி அந்தச் செய்முறை. செப்புச் சல்பேற்றுப் பளிங்கு, நம் ஆட்கள் மயில்துத்தம் என்கிற நீலக் கல். அதைச் சூடாக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போய், நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாகிவிடும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, ஒரு மூல் உப்போடு எத்தனை மூல் தண்ணீர் இருந்தது என்று கணக்குப் பண்ண வேண்டும். விடை ஐந்து. புத்தகத்தில் சமன்பாடே அச்சடித்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. "செய்முறையில அஞ்சு வரலன்னா அது ஒங்க கையில இருக்கிற கோளாறு" என்று சார் சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

நீலக் கல் இருந்த போத்தலுக்கு மூடி உடைந்து மாதக்கணக்காகியிருந்தது. கடதாசியைச் சுருட்டி அடைத்து, கூரை ஒழுகுகிற மூலையில் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆய்வுகூடத்துச் சாவி ஒருவரிடம்தான் இருந்தது. கரண்டியால் எடுத்தபோது உப்பு கட்டி கட்டியாக ஒட்டியது. விரலில் நசநசவென்று ஈரம் தெரிந்தது.

இரண்டு பேருக்கு ஒரு புடக்குகை, உப்பைச் சூடாக்குகிற பீங்கான் கிண்ணம். என் சோடி யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு விழாக் குழுவின் தலைவி அவள்தான், மலருக்குப் பக்கம் கேட்டு எழுதியவளும் அவள்தான். படிக்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து கிராம் நிறுத்தோம். அவள் தன் கொப்பியில் 5.0 என்று எழுதினாள். நான் உப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். 4.7 என்று எழுதினேன். கணக்கப்பிள்ளையைவிட இரக்கமாகத்தான் கழித்தேன். அவர் கையில் அந்த உப்பு கிடைத்திருந்தால் நாலுக்கு மேல் எழுதியிருக்க மாட்டார்.

மதுசார விளக்கு, அதுதான் ஸ்பிரிட் விளக்கு, நீல நிறத்தில் எரிந்தது. அந்த வாசனை இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கில் ஏறுகிறது. உப்பு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. ஆறவிட்டு நிறுத்தோம். சரியாக மூன்று கிராம். நான் 3.0 என்று எழுதினேன். எட்டிப் பார்த்தால் அவள் 3.2 என்று எழுதியிருந்தாள்.

"மூணுதானேடி காட்டுச்சு?"

"மூணுன்னு போட்டா அஞ்சு வராதுடி. நான் வீட்டுலயே பின்னாலருந்து போட்டுப் பாத்துட்டேன். மூணு தசம் ரெண்டு இருந்தாத்தான் வரும்" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. நீயும் எழுது."

எல்லாரும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. எட்டுப் புடக்குகையிலும் ஈர உப்பு. எட்டிலும் 3.2 கிராம் மிஞ்சுவது நடக்கவே நடக்காத காரியம். பதினைந்து பேரும் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து போய் நிறையைக் கண்டுபிடித்தீர்கள். அன்றைக்கு அது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. நான் 3.0ஐ மாற்றவில்லை. 4.7இல் மூன்றைக் கழித்தால் தண்ணீர் 1.7. பதினெட்டால் வகுத்தேன். உப்பை நூற்றறுபதால் வகுத்தேன். ஒன்றுக்கு ஐந்தே ஐந்து. தசமத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், ஒரு நாலு. என் சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஈரத்தைச் சரியாகக் கழித்ததால் வந்த விடை என்று பெருமைப்பட்டேன்.

சார் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் மேசையில் நின்றார். அவளுடையதைப் பார்த்தார், சரி போட்டார். என்னுடையதைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே புடக்குகை. இவ அஞ்சுன்னு எழுதியிருக்கா, நீ நாலு தசம் ஏழுன்னு எழுதியிருக்க. எது உண்ம?"

"தராசு அஞ்சுதாங்க சார் காட்டுச்சு."

"அப்ப இது என்னா?"

எழுந்து நின்று, வகுப்புக்கே கேட்கிற மாதிரி, கொஞ்சம் பெருமையோடுகூட, "ஈரத்துக்குக் கழிச்சேங்க சார்" என்றேன்.

அப்போது நீங்கள் சிரித்தீர்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. பின் வரிசையில் ஒருவன் களுக்கென்றான், பிறகு வகுப்பு முழுவதும் சிரித்தது. என் சோடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். உங்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. சாருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவருடைய அப்பாவைத்தான் குத்திக் காட்டுகிறேன், வகுப்பு முன்னால் வேண்டுமென்றே கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். நான் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். உங்கள் சிரிப்புத்தான் அதற்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தது.

அடிக்கவில்லை. கொப்பியை மூடி என் கையில் கொடுத்து, "நாளைக்கு ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மா அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற நைலக்ஸ் சேலை, அதன் மேல் தோட்டத்துக் கம்பளிச் சட்டை. மகள் களவெடுத்துவிட்டாள் என்றே அவள் நினைத்திருந்தாள். ஆய்வுகூட வாசலில் நின்றோம். உள்ளே பன்னிரண்டு முக்காலியும் காலியாக இருந்தன. உட்காரச் சொல்ல சாருக்கு வாய் வரவில்லை.

"ஒங்க மக அளவ மாத்தி எழுதியிருக்கா" என்றார் சார்.

"என்னத்தங்க சார் எடுத்தா? சொல்லுங்க, குடுக்கச் சொல்றேன்."

"ஒண்ணும் எடுக்கல. தராசு அஞ்சு காட்டிருக்கு. இவ கொறச்சு எழுதியிருக்கா."

அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மூச்சு விட்டாள். இவ்வளவுதானா என்று சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு. "ஈரமா இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டாள். "ஈரம்னா கழிக்கிறதுதானுங்களே வழக்கம். முந்தாநாளு ஒங்க அப்பாகூட எனக்கு மூணு கழிச்சாருங்க. நாங்க ஒண்ணும் சொல்றதில்லைங்களே."

அவள் மகளுக்காக வக்காலத்து வாங்கினாள். அவ்வளவுதான். அவள் மனதில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் சார் இதை இரண்டாவது குத்தாக எடுத்துக்கொண்டார். மகளும் தாயும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அடிமட்டத்தை மேசையில் ஓங்கி வைத்தார்.

"தராசு என்ன காட்டுதோ அதத்தான் எழுதணும். கொறச்சு எழுதுனா அதுக்குப் பேரு களவு. யாரு எழுதுனாலும் களவுதான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "இது விஞ்ஞானத்துக்குச் சரிப்பட்டு வராது. நாளையில இருந்து கலைப் பிரிவுக்குப் போகட்டும்" என்றார்.

கழிக்க வேண்டிய நாலு பேரில் முதல் ஆள் நான். மற்ற மூன்று பேரை அவர் தவணை முடியும் மட்டும் தேடிக்கொண்டிருந்தார். என் சோடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், தராசு மூணு காட்டிச்சு, நான்தான் மூணு தசம் ரெண்டுன்னு எழுதுனேன் என்று சொல்லியிருந்தால் விசயமே வேறு திசைக்குப் போயிருக்கும். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஒருத்திக்கு என் முக்காலி கிடைத்தது. பெயர் சொல்ல மாட்டேன். அவள்தான் சாரை ஒளிவிளக்கு என்று எழுதியிருக்கிறாள்.

என் தவறையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் உங்களைப் போலத்தான். பல வருடம் கழித்து, தமிழ் ஆசிரியையாக வேலை கிடைத்த பிறகு, பக்கத்து வகுப்பு ஆசிரியையின் இரசாயனவியல் புத்தகத்தை இரவல் வாங்கி அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன். 5.0 என்றும் 3.0 என்றும் எழுதியிருக்க வேண்டும். விடை ஏறத்தாழ ஆறு வந்திருக்கும். அதை அப்படியே எழுதி, உப்பு ஈரமாக இருந்தது, அதனால் தண்ணீர் கூடிவிட்டது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். அதுதான் சரி. நான் கழித்த தசம் மூன்றுக்கு எந்த நியாயமும் இல்லை, ஐந்து வந்தது குருட்டு அதிர்ஷ்டம். சார் என் கொப்பியைப் பிழை என்று சொன்னது சரிதான், அதை மறுக்கவில்லை. பதினைந்து பிழைக்குச் சரி போட்டுவிட்டு ஒன்றைத் துரத்தினாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் கூடையிலிருந்து இத்தனை வருடம் கழித்த அந்தக் கை, எனக்குத் தராசு கிடைத்த முதல் நாளே என் கையாக வேலை செய்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

கலைப் பிரிவில் என் முதல் நாள் முடிந்து வரும்போதும் மழை. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மடுவத்துத் தகரச் சுவரோரம் குந்தியிருந்தேன். சாயங்கால நிறுவைக்குப் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். அம்மா முறை வந்தது. மாட்டினாள். முள் பதினைந்தில் நின்றது.

"ஈரத்துக்கு மூணு, சாக்குக்கு ஒண்ணு. பதினொண்ணு" என்று கணக்கப்பிள்ளை பென்சிலை எடுத்தார்.

"ஐயா, பதினஞ்சு காட்டுதுங்களே" என்றாள் அம்மா.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை.

"தராசு காட்டுறத அப்படியே எழுதணுமாம். கொறச்சு எழுதுனா களவாம்ங்க. யாரு எழுதுனாலும் களவுதானாம்."

"எந்த மடையன் சொன்னான்?"

"ஒங்க மகந்தாங்க, நம்ம சார். நேத்து என்னையும் எம் மகளையும் நிக்க வச்சுச் சொன்னாரு."

அம்மா இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் சொல்லி மகளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் மடுவத்துக்கும் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்கிறாள். கணக்கப்பிள்ளை பென்சிலைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். தோட்டம் முழுக்க அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மகன். அவன் சொன்னதைத் தப்பு என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? பிறகு குனிந்து எழுதினார். பதினைந்து.

அடுத்த அக்கா சாக்கை மாட்டி, "எனக்கும் அப்படியே எழுதுங்கய்யா" என்றாள். "ஒனக்கு எவன் சொன்னான்?" என்று கத்தி, அவளுக்கு நாலு கழித்தார். மறுநாள் காலைப் பெரட்டில், அதுதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், அம்மாவை அட்டை கடிக்கிற தூரத்து மலைக்கு அனுப்பினார்கள். அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் அங்கேதான்.

பதினைந்து எழுதிய அன்றைக்கு இரவு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டே, "பதினஞ்சுன்னு எழுதிட்டாருடி, பதினஞ்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"எம் படிப்பு போச்சு. ஒனக்கு நாலு கிலோ கெடச்சிருச்சு. நல்லாயிருக்கும்மா" என்றேன்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சொன்னது போதாதென்று நான் மேலும் சொன்னேன்: "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் எழுதுவாரு. நாளைக்கு மறுபடி கழிப்பாரு, பாத்துக்க."

"கழிக்கட்டும்" என்றாள். "நாளைக்கும் கேப்பேன்."

கேட்டாள். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். அந்தக் கணக்கப்பிள்ளை போய் வேறு ஆள் வந்த பிறகும், முட்டி தேய்ந்து வேலையை விட்ட நாள் வரைக்கும், ஒவ்வொரு நிறுவையிலும் முள் காட்டுவதை வாய்விட்டுச் சொல்லி, "அப்படியே எழுதுங்க" என்று கேட்டாள். மறுபடி யாரும் எழுதவில்லை. பைத்தியம் என்று பெயர் எடுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கப்பட்டேன், அவளோடு மடுவத்துப் பக்கம் போவதையே விட்டேன்.

போன மாதம் ராகலையில் பஸ் ஏறினேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சார். தலை நரைத்திருந்தது, சட்டை அதே வெள்ளை. நுவரெலியா வரை ஒரு மணி நேரம். கேட்க வேண்டியது முப்பத்தைந்து வருடமாக என் வாயில் தயாராக இருக்கிறது. பதினைந்து கொப்பிக்கு ஏன் சார் சரி போட்டீங்க? அந்தப் போத்தல் ஈரம்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளதானே? கலைப் பிரிவு, இல்லியா?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.